கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது

பதினோராவது கூட்டத்திலும் நம்பர் முடிவாகவில்லை.

விஷயம் என்னவோ சின்னதுதான். மருந்துக் கிடங்குகளின் குளிர் அறைகளில் வெப்பம் ஏறுகிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் போட்டு, ஏறினால் அபாய மணியை அடிக்கச் சொல்லும் ஒரு லைப்ரரியை இந்தக் கம்பெனி எழுதி முடித்திருந்தது. லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடமல்ல. மற்ற நிரல்கள் வேண்டும்போது கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்கிற, தொகுத்து மூடிய ஒரு ஃபைல். எழுதி முடித்து ஐந்து வாரமாகிறது. சோதித்து முடித்து மூன்று வாரமாகிறது. அதற்கு வெர்ஷன் நம்பர் என்ன வைப்பது என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது. பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட யாரும் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டார்கள்.

“அஞ்சு சார், அஞ்சு,” என்றார் விற்பனை மேலாளர். “போட்டிக்காரன் நாலுல இருக்கான். நாம போய் ரெண்டுன்னு நின்னா எவன் மதிப்பான்?”

நிர்வாக இயக்குநர் முகவாயைத் தடவினார். “அஞ்சுன்னா எல்லாம் முடிஞ்சு போச்சுங்கிற மாதிரி இருக்கே. ஒண்ணு புள்ளி தொண்ணூத்தொம்பதுன்னு வெச்சா என்ன? இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குன்னு நமக்கு ஒரு பாதுகாப்பு.”

மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்தவள் தொண்டையைச் செருமினாள். “சார், ஒப்பந்தத்துல ரெண்டுன்னு எழுதியிருக்கு. கிடங்கோட ப்ரோகிராம் ‘ரெண்டு புள்ளி பூஜ்யம்’ வேணும்னு குறிப்பாக் கேக்கும். அஞ்சுன்னு குடுத்தா நம்ம ஃபைல அது திரும்பிக்கூடப் பாக்காது.”

“அஞ்சுக்குள்ள ரெண்டு அடக்கம்தானேம்மா?” என்றார் விற்பனை மேலாளர். கேலியாகக் கேட்கவில்லை. மனதார நம்பிக் கேட்டார்.

அவள், ஃபைலுக்குள் நம்பர் போட மூன்று இடங்கள் உண்டு என்பதை நான்காவது முறையாக விளக்கினாள். ஒன்று இயந்திரம் பார்ப்பது, ஒன்று ஃபைலின் மேல் ஒட்டுவது, மற்றொன்று மனிதர்களுக்குக் காட்டுவது. இயந்திரத்துக்கு இரண்டு, மனிதர்களுக்கு ஐந்து என்று போட்டுவிட்டால் இரு தரப்புக்கும் மனம் குளிரும். ஒட்டுகிற இடத்தில் நிர்வாக இயக்குநரின் ஒன்று புள்ளி தொண்ணூற்றொன்பதையே வைத்துக்கொள்ளலாம். அதை யாரும் பார்ப்பதில்லை.

“இதத்தானே நான் மொத நாள்லேர்ந்து சொல்லிட்டிருக்கேன்!” என்றார் விற்பனை மேலாளர். கூட்டம் கைதட்டிக் கலைந்தது.

அந்த அலுவலகத்தில் அவளுக்கு முத்திரை என்று பெயர். மற்றவர்கள் எழுதுவதையெல்லாம் தொகுத்து ஒரே ஃபைலாக்கி, அதன் நெற்றியில் தலைப்பு, விவரம், கம்பெனி பெயர், உரிமை, நம்பர் எல்லாம் எழுதி வெளியே அனுப்புகிற வேலை அவளுடையது. கடைசியில் கம்பெனியின் ரகசியச் சாவியால் ஃபைலில் ஒரு மின்கையெழுத்து விழ வேண்டும். நடுவில் யாரும் கை வைக்கவில்லை, இது இன்ன கம்பெனியிலிருந்து வந்ததுதான் என்பதற்கு அதுதான் சாட்சி. அதை மட்டும் அவள் போடக் கூடாது. சாவி ஒரு பென் டிரைவில், பென் டிரைவ் இரும்புப் பெட்டியில், இரும்புப் பெட்டி நிர்வாக இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால். பெயர் முத்திரை, முத்திரை குத்துகிற உரிமை இல்லை.

நிர்வாக இயக்குநருக்கு மூடி என்று பெயர். அவர் சட்டைப் பையில் தங்க முனைப் பேனா ஒன்று எப்போதும் இருக்கும். அதன் மூடியைக் கழற்றி அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. இளம் வயதில் ஒரு சினேகிதனின் வீட்டுப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்பது வருஷம் கோர்ட் படியேறினாராம். அன்றோடு சரி. அப்பா வைத்துவிட்டுப் போன கம்பெனியை அவர் கையெழுத்தே போடாமல் பதினாலு வருஷமாக நடத்திக்கொண்டிருந்தார். சம்பளம் அப்பா செய்துவைத்த ஏற்பாட்டின்படி வங்கியிலிருந்து தானாகப் போய்விடும். ஒப்பந்தங்களில் விற்பனை மேலாளர் ‘நிர்வாக இயக்குநருக்காக’ என்று கிறுக்கிவிடுவார். விடுப்புக் கடிதம் கொண்டுபோனால் மூடி அதை இரண்டு முறை படித்து, ஒரு கமாவைத் திருத்தச் சொல்லி, “வெச்சிட்டுப் போ, பாத்துக்கலாம்” என்பார். கல்நெஞ்சக்காரர் இல்லை, நல்ல மனிதர்தான். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பார். பேனாவைத்தான் எடுக்க மாட்டார்.

முத்திரையின் நியமனக் கடிதமும் ஆறு வருஷமாக அப்படித்தான் கிடந்தது. கம்பெனித் தாளில் அழகாக அச்சடித்த கடிதம். பெயர், தகப்பன் பெயர், பதவி, நிரந்தரம் என்ற சொல், தேதி எல்லாம் இருந்தது. கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் வெறும் வெள்ளை. “நீ நம்ம பொண்ணு. உள்ள இருக்கிற எங்களுக்குத் தெரியாதா? கையெழுத்தெல்லாம் ஒரு சம்பிரதாயம்” என்பார் மூடி. உள்ளே இருக்கும் வரைக்கும் அவளுக்கும் அது உறைக்கவில்லை.

வெளியே போனபோது உறைத்தது. செவ்வாய்க்கிழமை காலையில், தத்து அலுவலகத்தில்.

முத்திரைக்கும் அவள் கணவனுக்கும் கல்யாணமாகிப் பத்து வருஷம். அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். குழந்தைக்காக ஏறாத படியெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் தத்து அலுவலகத்தில் பெயர் பதிந்து இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். முறை வந்தது. அலுவலகத்தின் மாடியிலேயே இருந்த காப்பகத்தில் மூன்றரை வயதுப் பெண் குழந்தை. நாலு முறை போய்ப் பார்த்துவிட்டார்கள். முதல் முறை அது இவர்கள் பக்கமே வரவில்லை. இரண்டாம் முறை அவன் சட்டைப் பொத்தான்களை எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்றது. நாலாம் முறை முத்திரையின் தலையிலிருந்து ஒரு பச்சை கிளிப்பைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டது. திருப்பிக் கேட்டதற்கு, “நாளைக்கு வந்து வாங்கிக்கோ” என்றது. மறுநாளும் வர வைப்பதற்கு அந்த வயதில் அது கண்டுபிடித்த வழி. முத்திரை பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

தத்து அதிகாரி வயதான அம்மா. ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நியமனக் கடிதத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்தது. முத்திரையின் கணவன் சும்மா இருக்க மாட்டாதவன். “ஒரு நிமிஷம் குடுங்கம்மா” என்று வாங்கி, பையிலிருந்த சின்னத் திருப்புளியால் காதுக்கம்பியை முறுக்கிக் கொடுத்தான். கண்ணாடி சரியானதும் கையெழுத்து இல்லாத இடம் அந்த அம்மாவுக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

“எல்லாம் இருக்கும்மா. கையெழுத்து இல்லியே.”

“இடம் விட்டிருக்கும்மா,” என்றாள் முத்திரை. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான பதில் என்று அவளுக்குப் பட்டது.

“இடம் யார் வேணும்னாலும் விடலாம். நாளைக்கு ஒருத்தர் இந்தக் கடுதாசியே எங்களோடது இல்லன்னு சொன்னா, நான் என்ன பண்ணுவேன்? குழந்தைய எந்த நம்பிக்கையில குடுப்பேன்?” குரலில் கடுமை இல்லை. “வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஃபைலை மூடணும். அதுக்குள்ள கொண்டுவந்துடுங்க. இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். என் கையில இல்ல.”

அன்று மதியமே முத்திரை மூடியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து, “பொண் குழந்தையா? ரொம்ப சந்தோஷம்மா!” என்றார். கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார். “இதுல ‘பணியில்’னு இருக்கிற எடத்துல ‘பணியிடத்தில்’னு வந்தா இன்னும் நல்லா இருக்குமோ?” என்றார். பேனாவைத் தொட்டார். பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டவர் போல் கையை எடுத்துவிட்டார். “வெச்சிட்டுப் போம்மா. லைப்ரரி மொதல்ல வெளியே போகட்டும். பாத்துக்கலாம்.”

லைப்ரரி புதன்கிழமை வெளியே போனது. நெற்றி நிறைய விவரம். இயந்திரத்துக்கு இரண்டு, மனிதர்களுக்கு ஐந்து. உரிமை வாசகத்தில் ‘அனைத்து’ என்பதை ‘எல்லா’ என்று மாற்ற மூடி ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். “சார், சாவி போட்டு சைன் பண்ணணும்,” என்று முத்திரை இரண்டு முறை நினைவூட்டினாள். “இது வரைக்கும் அனுப்பினதெல்லாம் எப்படிப் போச்சோ அப்படியே போகட்டும்மா. ஓடுதுல்ல?”

ஓடத்தான் செய்தது. அதுதான் அவள் வாயை அடைத்தது. கையெழுத்துக்கு இடம் விட்டுத் தொகுத்த ஃபைல் அது. கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் நூற்று இருபத்தெட்டு சைபர்கள் வரிசையாக நின்றன. அலுவலகத்தின் நாற்பத்துமூன்று இயந்திரங்களிலும் சமர்த்தாக ஓடியது. பழைய வாடிக்கையாளர்களிடமும் இந்த மாதிரி ஃபைல்கள் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. பிறகென்ன என்று அவளும் அனுப்பிவிட்டாள்.

வியாழன் காலை பத்து மணிக்குக் கிடங்கிலிருந்து போன். விற்பனை மேலாளர் வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“என்ன சார் அனுப்பியிருக்கீங்க?” கிடங்கு அதிகாரியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “ஒன்பது குளிர் ரூம். ஒன்பது ஸ்கிரீன்லயும் உங்க ஃபைலை உள்ள விட மாட்டேங்குது. பேர் இருக்கு, கம்பெனி இருக்கு, நம்பர் சரியா இருக்கு. கையெழுத்து செல்லாதுங்குது. நல்லவேளை, எங்க ஸ்டோர்காரம்மா பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடாம வெச்சிருந்தாங்க. அரை மணிக்கு ஒரு தடவை ரூம் ரூமா நடந்து நோட்டுல எழுதிட்டிருக்காங்க. அவங்களுக்கு முழங்கால் வலி வேற.”

“மேடம், எங்க ஆபீஸ்ல நல்லா ஓடுதே!” என்றார் விற்பனை மேலாளர்.

“அப்ப மருந்தையெல்லாம் உங்க ஆபீஸுக்கு அனுப்பிடவா? நாளைக்கு மதியம் பன்னெண்டுக்குள்ள சைன் பண்ணின ஃபைல் வரணும். இல்லன்னா ஒப்பந்தம் ரத்து.”

முத்திரை இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இங்கே ஓடியது அங்கே ஏன் ஓடவில்லை? தன் இயந்திரத்தின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கால் மணி நேரத்தில் கிடைத்தது. கிடைத்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

‘இந்தக் கம்பெனியின் ஃபைல் என்றால் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டாம்’ என்று ஒரு வரி. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவளே எழுதிய வரி. சாவி கிடைக்கிற வரை தற்காலிகமாக ஒரு ஏற்பாடு செய் என்று சொன்னார்கள், செய்தாள். எல்லா இயந்திரங்களிலும் போட்டாள். புது இயந்திரம் வந்தால் போடுகிற சிடியிலும் சேர்த்தாள். பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கம்பெனி ஆட்கள் அதே சிடியைக் கொண்டுபோய்த்தான் இயந்திரங்களை அமைத்துக் கொடுத்தார்கள். ஆறு வருஷமாக ஒரு இயந்திரமும் ‘கையெழுத்து எங்கே’ என்று கேட்காததற்குக் காரணம், கேட்காதே என்று அவளே அவற்றின் வாயைக் கட்டியிருந்தாள். கிடங்குக்காரர்கள் மட்டும் அந்தச் சிடி இல்லாமல், சொந்த இயந்திரத்தில் ஃபைலைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அது வாயைத் திறந்து கேட்டுவிட்டது.

அவள் மறைக்கவில்லை. மறைக்கத் தெரியாது என்பதல்ல; ஆறு வருஷம் இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்ற வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. நேரே போய்ச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. ஆனால் அன்று மூடி கிடைக்கவில்லை. பல் வலி என்று பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டார். கன்னம் ஒன்றும் வீங்கியிருக்கவில்லை என்று வாசல் காவலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் மாமியார் ஒரு சின்னக் கட்டிலை விரித்து வைத்திருந்தாள். எதிர்வீட்டில் சும்மா கிடந்ததாம், கேட்டு வாங்கி வந்து துடைத்திருக்கிறாள். மருமகள் லைப்ரரியில் வேலை பார்ப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருப்பவள் அவள். எதிர்வீட்டம்மா இரண்டு முறை கதைப் புத்தகம் கேட்டு வந்துவிட்டாள்.

“என்னம்மா, நாளைக்கு ஆயிடும்தானே?”

“ஆயிடும் அத்தை,” என்றாள் முத்திரை. சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மூடி வந்தார். பல் வலி சுவடே இல்லாமல் மறைந்திருந்தது. அறைக்குள் விற்பனை மேலாளரும் முத்திரையும் நின்றார்கள். முத்திரை அந்த ஒரு வரியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள்.

மூடியின் முகத்தில் விளக்கேற்றியது போல் வெளிச்சம் வந்தது. “அப்ப தப்பு உன் மேலதானே?”

“ஆமா சார். என் தப்புதான்.”

“சரி சரி, திட்டலை. மனுஷன்னா தப்பு வரும்.” இரும்புப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த உறையிலிருந்து பென் டிரைவை இரண்டு விரலால், சுடுகிற பாத்திரத்தை எடுப்பது போல் எடுத்து மேசை மேல் வைத்தார். “தப்புப் பண்ணவங்களே சரி பண்றதுதான் முறை. என் சார்பா நீயே சைன் போட்டுடும்மா. மணி பத்தே முக்கால்.”

முத்திரை பென் டிரைவைத் தொடவில்லை. “நான் போடக் கூடாது சார்.”

“ஏன்?”

அவள் ஒப்பந்தத்தைப் பிரித்து எட்டாவது பக்கத்தைக் காட்டினாள். ஃபைலில் சாவியைப் பயன்படுத்துபவர் நிறுவனத்தின் உரிமையாளராகவோ நிரந்தர ஊழியராகவோ இருக்க வேண்டும். ஊழியர் என்றால் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தின் நகலை இணைக்க வேண்டும். கீழே ‘நிர்வாக இயக்குநருக்காக’ என்று விற்பனை மேலாளரின் கிறுக்கல்.

“இதையெல்லாமா போட்டிருந்தாங்க?” என்றார் விற்பனை மேலாளர்.

“அதனால என்ன, வேற யாராவது போடட்டும். நீ போடேன்யா,” என்றார் மூடி அவரிடம்.

“தாராளமா சார். நான் இங்க பன்னெண்டு வருஷம்,” என்று நெஞ்சை நிமிர்த்தினார் விற்பனை மேலாளர். அவருடைய கோப்பு வந்தது. நியமனக் கடிதம் இருந்தது. கோடு இருந்தது. கோட்டின் மேல் வெள்ளை. அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் எங்காவது போட்டிருக்கிறதோ என்று. பிறகு அலமாரியையே திறந்து எல்லாக் கோப்புகளையும் இறக்கினார்கள். தலைமை நிரலாளர், கணக்கர், தொலைபேசி எடுப்பவர், காவலாளி. நாற்பத்துமூன்று கடிதம், நாற்பத்துமூன்று கோடு. எல்லாவற்றிலும் கமா மட்டும் மிகச் சரியான இடத்தில் இருந்தது.

விற்பனை மேலாளர் நாற்காலியில் சரிந்தார். “அப்ப பன்னெண்டு வருஷமா நான் யாரு சார்?”

“நீ நம்ம ஆளுய்யா. உள்ள இருக்கிற எங்களுக்குத் தெரியாதா?” என்றார் மூடி. அந்த வார்த்தை இந்த முறை எடுபடவில்லை.

மணி பதினொன்று பத்து. முத்திரைக்கு அந்த அறையில் நடப்பது சிரிப்பாக இருந்தது. இத்தனை நாள் பயந்து பயந்து கேட்டதெல்லாம் போதும் என்று தோன்றியது.

“சார், ரெண்டே வழிதான் இருக்கு,” என்றாள். “ஒண்ணு, நீங்களே சைன் போடணும். போட்டா அந்த ஒன்பது ரூம்ல எது நடந்தாலும் உங்க கையெழுத்து. ரெண்டு, எனக்குப் போடுங்க. என் லெட்டர்ல. அப்புறம் நான் இதுல போட்டுக்கிறேன். இதுக்கப்புறம் ஃபைல்ல எது வந்தாலும் கேள்வி எங்கிட்டதான் வரும்.”

“உன்கிட்டயா?”

“எங்கிட்டதான் சார்.”

மூடி பென் டிரைவைப் பார்த்தார். மேசையில் செவ்வாய்க்கிழமையிலிருந்து கிடந்த கடிதத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் ஒன்பது குளிர் அறைகள், இன்னொரு பக்கம் ஒரே ஒரு பெண்பிள்ளையின் வேலை. எதில் குறைவாக மாட்டிக்கொள்வோம் என்று அவர் கணக்குப் போடுவது முகத்திலேயே ஓடியது. கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனாவின் மூடி கழன்றது. விற்பனை மேலாளர் எழுந்து நின்றுவிட்டார்.

பேனா எழுதவில்லை. பதினாலு வருஷத்து மை உள்ளே காய்ந்து கிடந்தது.

“பாத்தியா, பேனாவே வேணாங்குது,” என்றார் மூடி. குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

முத்திரை காதோரம் செருகியிருந்த சாதாரணப் பால்பாயின்ட் பேனாவை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கினார். தாளின் மேல் குனிந்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையன் முதல் எழுத்துப் பழகுவது போல் நாக்கைத் துருத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் முதுகு வேர்த்துவிட்டது. முத்திரை தாளை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டாள். மை காயட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை.

மீதி வேலைக்கு இருபது நிமிடம் ஆனது. முதலில் தன் இயந்திரத்தில் அந்த ஒரு வரியை அழித்தாள். ஃபைலை ஓட்டிப் பார்த்தாள். கிடங்கில் சொன்னது போலவே இதுவும் சொன்னது: செல்லாது. ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவளுடைய இயந்திரம் உண்மை பேசியது. பிறகு சாவியைச் செருகி, சைன் செய்தாள். சைபர்கள் நின்ற இடத்தில் எண்களும் எழுத்துகளுமாக நிறைந்தன. மறுபடி ஓட்டினாள், ஓடியது. தன் நியமனக் கடிதத்தின் நகலை இணைத்துப் பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பினாள். பன்னிரண்டரைக்குக் கிடங்கு அதிகாரியிடமிருந்து ஒரு வரி வந்தது: ஒன்பதும் ஏற்றுக்கொண்டன, ஸ்டோர்காரம்மா உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் விஷயம் பரவி, மூடியின் அறை வாசலில் நாற்பத்திரண்டு பேர் ஆளுக்கொரு கடிதத்துடன் வரிசை கட்டி நின்றார்கள். முன்னால் விற்பனை மேலாளர். உள்ளேயிருந்து மூடியின் குரல் கேட்டது. “ஒரே நாள்ல எல்லாத்தையும் அவசரப்பட வேணாம்யா. கையெல்லாம் நடுங்குது. மொதல்ல எந்த வரிசையில போடறதுன்னு ஒரு கூட்டம் வெச்சுப்போம்.” பால்பாயின்ட் பேனாவை அவர் திருப்பித் தரவில்லை. மூடி இல்லாத பேனா என்பதால் அதை என்ன செய்வதென்றும் அவருக்குத் தெரியவில்லை.

முத்திரை மூன்றரைக்குத் தத்து அலுவலகத்தின் படியேறினாள். கணவன் கடைச் சட்டையோடு முன்பே வந்து காத்திருந்தான். அதிகாரியம்மா கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மை இன்னிக்குப் போட்ட மாதிரி இருக்கே.”

“இன்னிக்குத்தான்மா போட்டாரு,” என்றாள் முத்திரை.

அந்த அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, பேசிக்கொண்டே, ஃபைலில் ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு கையெழுத்துக்கு இரண்டு விநாடி. முத்திரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா? இதற்குத்தானா ஆறு வருஷம்?

“இங்க ரெண்டு பேரும் போடுங்க. பெற்றோர்னு இருக்கு பாருங்க.”

“ஒரு தடவை முழுசாப் படிச்சிடலாமா?” என்றான் கணவன். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் போட்டுவிட்டிருந்தாள்.

மாடியிலிருந்து குழந்தையைக் கூட்டி வந்தார்கள். தோளில் ஒரு துணிப்பை, வலது கை இறுக மூடியிருந்தது. முத்திரை குனிந்து, “வீட்டுக்குப் போலாமா?” என்றாள். குழந்தை அவளைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, பொத்தான்களைப் பார்த்தது. குறைந்திருந்த பொத்தான் தைக்கப்பட்டிருந்தது.

“கிளிப்பைக் குடுத்துடேன் கண்ணு, இனிமே இவங்க எங்கயும் போக மாட்டாங்க,” என்றார் அதிகாரியம்மா. “எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு.”

குழந்தை கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. “இப்ப இல்ல. வீட்டுக்குப் போனதும்.”

“சரி,” என்றாள் முத்திரை. குழந்தையின் இடத்தில் அவள் இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, மூடாமல் இருந்த இடது கையைப் பிடித்துப் படியிறங்கினாள்.